கேட்ட ஊருக்குத் திருப்பிச் சொல்லும் மூன்று நிமிடம்

1960களின் நடுவில் தஞ்சாவூர் வட்டாரத்து விவசாயிகள் ஒரு நெல்லுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அதற்கு இட்ட பெயர் ஏ.டி.டி. 27. ஜப்பானிய ரகம் ஒன்றையும் கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24 ரகத்தையும் இனக்கலப்பு செய்து எடுத்த குறுவை நெல் அது. ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளில் அந்த ரகத்தைப் பற்றித் தொடர்ந்து சொல்லி வந்தார்கள். கேட்டவர்கள் விதை தேடிப் போனார்கள், நட்டார்கள். பிறகு அதை ‘ரேடியோ நெல்’ என்றே கூப்பிட்டார்கள். உருவாக்கிய ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் அல்லாமல், விளக்கிச் சொன்ன பெட்டியின் பெயரால் ஒரு பயிர் அழைக்கப்பட்டது. வயலுக்கு அந்த ஆராய்ச்சி எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதை விவசாயிகள் துல்லியமாகப் பதிவு செய்துவிட்டார்கள். பல ஆண்டு கலப்பின வேலை, பல நூறு வரிசைகளிலிருந்து ஒன்றைப் பொறுக்கியெடுத்த உழைப்பு, சோதனைத் திடல்களின் கணக்கு எல்லாம் அந்தச் சில நிமிடப் பேச்சுக்குள் அடங்கித்தான் வரப்பைத் தாண்டின.

இன்றைக்குக் காவிரிப் படுகையில் ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நிலையம் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. தஞ்சாவூரில் 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது. மழையில் நனைந்து வரும் குறுவை நெல்லைக் கெடாமல் காப்பது எப்படி என்ற கேள்வியோடு 1967இல் பிறந்த நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாகத் தஞ்சையில் இயங்குகிறது. இவை தவிர அரசுக் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. இந்த இடங்களில் முனைவர் பட்டத்துக்காக உழைக்கும் இளைஞர்கள் மண், நீர், நெல், கல்வெட்டு, சுவடி, சாதி, கடன், புலம்பெயர்வு என்று இந்த மண்ணைப் பற்றியே எழுதிக் குவிக்கிறார்கள். ஆனால் ரேடியோ நெல்லைப் போல ஊரார் வாயில் புழங்கும் ஆய்வேடு ஒன்றைச் சொல்லச் சொன்னால் தேடத்தான் வேண்டும். நான்கைந்து ஆண்டு உழைப்பைச் சாதாரண மக்களுக்குச் சில நிமிடங்களில் விளங்கச் சொல்வதும் ஆராய்ச்சி வேலையில் ஒரு பகுதிதான், பட்டம் வாங்கிய பிறகு விருப்பமிருந்தால் செய்யும் உபகாரமாக அதை விட்டுவிடக் கூடாது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அதிலும் யாரிடம் கேட்டு ஆய்வு செய்தார்களோ, அவர்களிடம் அதை முதலில் சொல்ல வேண்டும்.

இப்படிச் சுருக்கிச் சொல்வதை உலகம் முழுக்க ஒரு போட்டியாகவே நடத்துகிறார்கள். அது தொடங்கிய கதை தண்ணீர்ப் பஞ்சத்தோடு தொடர்புடையது என்பதால் டெல்டாக்காரர்களுக்கு எளிதில் மனத்தில் பதியும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அப்போது கடும் வறட்சி. குளிக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி அரசு வலியுறுத்தியது. மூன்று நிமிடத்தில் மணல் வடிந்து முடியும் சிறு கடிகாரத்தை வீட்டுக் குளியலறைச் சுவரில் பொருத்திக்கொண்டு, அந்த நேரத்துக்குள் குளித்து முடிக்கும் பழக்கம் பரவியது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வுப் பள்ளியின் தலைவராக இருந்த ஆலன் லாசன் அந்த மூன்று நிமிடத்தை ஆய்வாளர்களுக்கும் பொருத்திப் பார்த்தார். 2008இல் 160 மாணவர்களோடு ‘மூன்று நிமிட ஆய்வேடு’ போட்டி நடந்தது. அசையாத ஒரே ஒரு படத்தைத் திரையில் காட்டலாம். இசை, கருவி, பாட்டு, வேடம் எதுவும் கூடாது. மூன்று நிமிடம் தாண்டினால் தகுதி போய்விடும். இப்போது 85க்கும் மேற்பட்ட நாடுகளில் 900க்கும் அதிகமான பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன. இந்தியாவில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் வேறு வழியில் தொடங்கியது: ஆய்வாளர் தம் ஆராய்ச்சியைப் பத்திரிகை வாசகருக்குப் புரியும் கட்டுரையாக எழுத வேண்டும், தேர்ந்தவற்றுக்குப் பரிசு. இரண்டும் நல்ல முயற்சிகளே. இரண்டிலும் கேட்பவர்கள் பெரும்பாலும் படித்த அவையினர் என்பதுதான் குறை. நடுவர் கைதட்டினால் போட்டி முடிந்துவிடும். நாற்றங்காலில் நிற்பவரை அந்தப் பேச்சு எட்டுவதில்லை.

ஒரு ஆய்வேடு நம் ஊரில் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால் இது விளங்கும். நெறியாளர் ஒப்புக்கொள்கிறார், வெளித்தேர்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள், வாய்மொழித் தேர்வு நடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதி அதைத் திறந்த தேர்வு என்றது. ஆனால் யாருக்குத் திறந்தது? ஆய்வுக் குழுவினர், துறைப் பேராசிரியர்கள், மற்ற ஆய்வு மாணவர்கள், ஆர்வமுள்ள வல்லுநர்கள் என்று அந்த விதி வரிசைப்படுத்தியது. ஆய்வுக்குத் தன் நிலத்தைக் கொடுத்தவரும் தன் வீட்டுக் கணக்கைச் சொன்னவரும் அந்த வரிசையில் இடம்பெறவில்லை. தேர்வு முடிந்ததும் ஆய்வேடு ‘சோத்கங்கா’ என்ற தேசிய இணையக் களஞ்சியத்தில் ஏறுகிறது. லட்சக்கணக்கான ஆய்வேடுகளை எவரும் காசில்லாமல் பார்க்கலாம் என்ற ஏற்பாடு உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் கதவைத் திறந்து வைப்பதும் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வதும் ஒன்றாகிவிடாது. முந்நூறு பக்கம், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நடுவே புள்ளியியல் அட்டவணைகள். திருத்துறைப்பூண்டியில் இருக்கும் ஒருவர் அதைத் திறந்து தன் ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கடன் என்ற சொல்லை இங்கே தயங்காமல் பயன்படுத்தலாம். டெல்டா கிராமங்கள் நெடுநாளாக ஆராய்ச்சியாளர்களுக்குப் பதில் சொல்லி வருபவை. 1951–53இல் கேத்லீன் கஃப் என்ற மானிடவியலாளர் தஞ்சை மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார். 1976இல் மறுபடி வந்து பார்த்தார், இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். 1961–62இல் டெல்லியிலிருந்து வந்த ஆந்திரே பெத்தெய், ஒரு தஞ்சைக் கிராமத்தின் அக்ரகாரத்தில் தங்கிச் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் எப்படி விலகத் தொடங்குகின்றன என்று ஆராய்ந்தார். அதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. 1965இல் நூலாக வந்து, இந்தியச் சமூகவியல் படிக்கும் எவரும் தொடாமல் போக முடியாத புத்தகமானது. அந்த ஊருக்கு அவர் ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் வைத்தார். கஃப் ஆராய்ந்த ஊர்களில் ஒன்று ‘கும்பப்பேட்டை’. தகவல் தந்தவர்களைக் காப்பதற்காகப் பெயரை மறைப்பது துறையின் நேர்மையான மரபு, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் பக்கவிளைவையும் பார்க்க வேண்டும். உலகம் முழுக்கப் படிக்கப்படும் ஊர் ஒன்று, தான் படிக்கப்படுகிறது என்பதையே அறியாமல் இருந்துவிட முடியும். குத்தகை எவ்வளவு, கூலி எத்தனை மரக்கால், யார் தெருவுக்குள் யார் செருப்போடு வரலாம் என்று கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவர்களுக்கு, அவர்கள் சொன்னதிலிருந்து என்ன தெரியவந்தது என்று கேட்டறியும் உரிமை உண்டு. இன்றைக்கும் வினாத்தாளோடு ஊருக்குள் வரும் ஆய்வு மாணவரை மக்கள் உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர் திரும்பி வந்து முடிவைச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் கேட்பதில்லை.

சொன்னால் அவர்களுக்குப் புரியுமா என்பது முதலில் எழும் ஆட்சேபம். இதற்குப் பதில் டெல்டாவின் எந்த டீக்கடையிலும் கிடைக்கும். மேட்டூர் அணை நிலவரம் என்று நாளிதழில் தினமும் ஒரு சிறு கட்டம் வருகிறது. நீர்மட்டம் எத்தனை அடி, இருப்பு எத்தனை டி.எம்.சி., வரத்து வினாடிக்கு எத்தனை கன அடி, வெளியேற்றம் எவ்வளவு. முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. என்பது இங்கே பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் மனப்பாடம். ஜூன் 12இல் திறந்தால் எத்தனை நாளில் கல்லணைக்கு வரும், அங்கிருந்து கடைமடைக்கு எப்போது எட்டும், இருக்கிற இருப்பை வைத்துக் குறுவை நடலாமா, சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று நான்கு எண்களைக் கொண்டு முடிவெடுக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் இதற்கு நீரியல் என்று பெயர். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். கையில் அள்ளி, ஒரு மணியைப் பல்லில் கடித்து, பத்தொன்பது இருக்கும், இன்னும் ஒரு வெயில் காய வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் களத்தில் நிற்கிறார்கள். எண்ணும் அளவும் இவர்களுக்குப் புதிதல்ல. தன் வாழ்க்கையைத் தொடும் எண் எதுவானாலும் மக்கள் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். எண்ணை வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லத் தெரியாமல் போவது சொல்பவரின் குறை.

தமிழில் அதற்குச் சொல் இல்லையே என்பார்கள் அடுத்து. சில துறைகளில் அது ஓரளவு உண்மைதான். ஆனால் நெல் ஆராய்ச்சியில் சொல் ஏற்கெனவே வயலில் கிடக்கிறது. நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை, ஈரம் மறைந்த பிறகு மறுபடி கட்டினால் போதும் என்ற நீர் மேலாண்மை முறையைப் பற்றி உலகெங்கும் ஆய்வேடுகள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதற்கு நான்கு சொல் கொண்ட நீண்ட பெயர், அதன் சுருக்கெழுத்து வேறு. தமிழ் விவசாயி அதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லி முடித்துவிடுகிறார். எதுகையோடு இருப்பதால் மறக்காது. செய்ய வேண்டிய இரண்டு காரியமும் அதிலேயே இருக்கிறது. மடகாஸ்கரில் உருவாகி இங்கே வந்த திருந்திய நெல் சாகுபடியும் அப்படித்தான். பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, இடைவெளி சதுரமாக, களையைக் கோனோவீடரால் மண்ணுக்குள் அமுக்குதல் என்று அதில் பல அங்கங்கள் உண்டு. மக்கள் அதன் மையத்தைப் பிடித்து ‘ஒற்றை நாற்று நடவு’ என்றார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு விழாவை ஒட்டி அரசு அதற்கு ‘ராஜராஜன் 1000’ என்று பெயரிட்டது. இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது வேலையை விளக்குகிறது என்று கேட்கவே வேண்டாம். ஆய்வாளர் தமிழில் விளக்க உட்கார்ந்தால் சொல்லைத் தேடி அகராதிக்குப் போவதற்கு முன் வாய்க்கால் கரைக்குப் போவது நல்லது.

ஒரு ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு செய்தே பார்க்கலாம். வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் நெல்லைப் பற்றிய ஆராய்ச்சி அது. ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றுக்கு அந்தக் குணம் இருந்தது. 1996இல் கெனோங் சூவும் டேவிட் மெக்கில்லும் அந்தக் குணத்துக்குக் காரணமான இடம் நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார்கள். 2006இல் அந்த மரபணு எது என்பது ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அதைச் சாதாரண இனக்கலப்பு வழியாகவே சி.ஆர். 1009 ரகத்துக்குள் கொண்டுவந்து ‘சி.ஆர். 1009 சப் 1’ வந்தது. சம்பாவுக்கு டெல்டா விவசாயிகள் பல காலமாக விரும்பி நடும் ரகம் சி.ஆர். 1009. ஆய்விதழில் இந்த மரபணுவின் வேலை எத்திலின், ஜிப்ரலின் என்று பல பக்கம் ஓடும். ஐப்பசி மழையில் நட்ட பயிர் முங்கிக் கிடப்பதைப் பார்த்த ஒருவரிடம் அதை இப்படிச் சொல்லலாம்: ‘தண்ணீருக்குள் போன பயிர் மேலே எட்டிப் பார்க்க முயற்சி செய்யும். இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்து நெட்டையாக வளரும். தண்ணீர் வடிவதற்குள் சத்து தீர்ந்து, வடிந்த அன்றைக்குச் சாய்ந்து அழுகிவிடும். இந்த நெல் அப்படிப் பதறாது. முங்கியவுடன் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் கிடக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். வெள்ளம் வடிந்த பிறகு புதிதாகத் துளிர்க்கும்.’ நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. வடிந்த வயலில் நெட்டையாகி மஞ்சளித்துத் துவண்டு கிடந்த பயிரை 2008 நிஷா புயலுக்குப் பிறகு கண்ட எவருக்கும், தான் பார்த்ததற்கு இதுதானா காரணம் என்று அந்த இடத்திலேயே விளங்கிவிடும். அவர் கண்ட காட்சிக்கு அறிவியல் காரணம் சொல்லுகிறது. அறிவியலுக்கு அவர் காட்சி சாட்சியாகிறது.

சுருக்கினால் திரிந்துவிடும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ஆராய்ச்சியின் உயிர் ‘ஆனால்’களில் இருக்கிறது. மூன்று நிமிடத்தில் முதலில் உதிர்வது அந்த ‘ஆனால்’கள்தான் என்று பேராசிரியர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. டெல்டாவில் இந்த அச்சம் வெறும் கொள்கைப் பிரச்சினையும் இல்லை. பேச்சைக் கேட்டு ஒருவர் அடுத்த போகத்துக்கு விதையை மாற்றிவிடலாம். மூழ்கினாலும் பிழைக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், பூக்கும் தருணத்தில் வெள்ளம் வந்தாலும் பிழைக்கும் என்று நினைத்துக்கொள்வார். அது தவறு. பயிர் இளமையாக இருக்கும்போது முழுக்க முங்குவதைத்தான் இந்தக் குணம் தாங்குகிறது. முழங்கால் தண்ணீர் வாரக்கணக்கில் வடியாமல் தேங்கி நிற்பதற்கு இது தீர்வாகாது. ஆகவே அந்த ‘ஆனால்’களைப் பேச்சுக்குள்ளேயே வைக்க வேண்டும். எந்தப் பருவத்துப் பயிருக்கு, எத்தனை நாளுக்கு, எந்த மாதிரி வெள்ளத்துக்கு என்று மூன்று வாக்கியம் போதும். எங்கே சோதித்தார்கள், எத்தனை போகம் சோதித்தார்கள், எதை இன்னும் சோதிக்கவில்லை என்று சொல்வதற்கு அரை நிமிடம். வரம்பு கட்டாமல் தண்ணீர் பாய்ச்சக் கூடாது என்று அறிந்த மக்களுக்கு, ஒரு உண்மைக்கு எல்லை உண்டு என்று சொன்னால் விளங்காமல் போகாது. எல்லையைச் சொல்லாமல் விட்டால் அது நேரம் போதாததன் குற்றம் ஆகாது, பேசியவர் எதை முக்கியம் என்று நினைத்தார் என்பதன் குற்றம்.

நெல்லும் நீரும் சரி, கல்வெட்டையும் இசையையும் ஆராய்கிறவர் என்ன செய்வார், அவருடைய ஆராய்ச்சியால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பயன் என்ற சொல்லை மிகக் குறுகலாகப் பிடித்துக்கொள்வதால் வரும் கேள்வி இது. பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களைப் பற்றிச் சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, பங்கு ஒன்று. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். இதை ஆராயும் மாணவர் மூன்று நிமிடத்தில் கோயில் பொருளாதாரம் முழுவதையும் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பெண்ணின் வரியை எடுத்துக்கொண்டால் போதும். பக்கத்து ஊரிலிருந்து வந்தவள், தெருவில் அவளுடைய வீடு இது, அவளுடைய ஆண்டு நெல் இவ்வளவு, அது எந்த ஊர் நிலத்திலிருந்து வந்தது என்று சொல்லும்போது, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசு ஒரு தனி மனுஷியின் முகவரியைக் கல்லில் வெட்டி வைத்தது கேட்பவர் மனத்தில் நிற்கும். இசைக்கு ஒரு முன்னோடியே தஞ்சையில் இருந்தார். ஆபிரகாம் பண்டிதர் பட்டம் வாங்கிய ஆய்வாளர் இல்லை, மருத்துவர். தமிழிசையின் சுருதிக் கணக்கை அவர் ஆராய்ந்த நூல் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வந்தது. மிகப் பெரிய நூல், எண்களும் பின்னங்களும் நிறைந்தது. அதற்கு முந்திய ஆண்டு பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அந்தக் கணக்கை அவர் தம் மகள்களைக் கொண்டு இசைத்துக் காட்டினார். காதால் கேட்டு ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ அவைக்கு வாய்ப்புக் கொடுத்தார். எவ்வளவு கனமான ஆராய்ச்சிக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது ஆய்வாளரின் பொறுப்பு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பழக்கம் மக்களுக்கு மட்டும் நல்லது என்று நினைத்தால் பாதியைத்தான் பார்த்தோம். ஆய்வாளருக்குக் கிடைப்பது அதைவிடப் பெரிது. காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் ஒரு எளிய கருவி உண்டு. ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில் ஒரு குழாய், கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். அதை வயலில் நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காய விடக் கூடாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதனால் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகலாம் என்கிறது. வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனும் குறைகிறது. இதைப் பற்றி ஆய்வேடு எழுதிய ஒருவர் நாகப்பட்டினத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றில் போய்ச் சொல்லட்டும். அங்கே எழக்கூடிய முதல் கேள்வியை இப்போதே எழுதி வைக்கலாம்: ‘தம்பி, எங்களுக்கு முறை வச்சுத்தான் தண்ணி வருது. குழாய்ல பதினஞ்சு எறங்குற அன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி இல்லேன்னா என்ன செய்யிறது?’ அந்த ஒரு கேள்வியில் இரண்டாவது ஆய்வேடு ஒன்று இருக்கிறது. வேண்டும்போது தண்ணீர் கிடைக்கும் என்ற ஊகத்தின் மேல் சோதனைத் திடல் நிற்கிறது. ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவருக்கு அந்த ஊகம் பொருந்தும். ஆற்றுப் பாசனத்தின் கடைசி மடையில் இருப்பவருக்குப் பொருந்தாது. வந்தபோது கட்டி நிறுத்திக்கொள்வது அவருடைய அறியாமை இல்லை, அடுத்த முறை எப்போது என்று தெரியாத நிலையில் எடுத்த சரியான முடிவு. வெளித்தேர்வாளர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்?

பேச்சுத் திறமை உள்ளவருக்குத்தானே இதெல்லாம், கூச்ச சுபாவம் உள்ள நல்ல ஆய்வாளர் பின்தங்கிவிட மாட்டாரா என்ற கவலையும் நியாயமானது. போட்டி மேடையாகவே வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும். சரளமான ஆங்கிலமும் மேடைக் கம்பீரமும் பரிசை வாங்கிக்கொண்டு போகும். ஆனால் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து, மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து ஆய்வு செய்யும் ஒரு பெண்ணுக்கு, ஊர் மொழியில் ஊராரிடம் பேசும் வாய்ப்பு வந்தால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. குத்துக்கும் தூருக்கும் வித்தியாசம் தெரிந்தவர் அவர். பால் பிடிக்கும் பருவம் என்றால் என்ன என்று அகராதி பார்க்க வேண்டியதில்லை. இதுவரை அவருக்குப் பலவீனம் என்று சொல்லப்பட்ட மொழி அங்கே அவருடைய பலம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்ற ஏற்பாட்டை எடுத்துவிட்டு, மூன்று நிமிடம் பேச்சு, முப்பது நிமிடம் கேள்வி என்று வைத்தால் மேடைப் பேச்சாளருக்கு அதில் தனி லாபம் எதுவும் இருக்காது. வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் ஒரு தடவை, ஆய்வு நடந்த ஊரில் அல்லது அந்த ஆய்வு தொடும் மக்களிடையே இப்படிப் பேசியிருக்க வேண்டும், அங்கே எழுந்த கேள்விகளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும் என்று ஒரு பல்கலைக்கழகம் விதி செய்தால் அதற்குப் பெரிய செலவு ஆகாது. ஏற்கெனவே சுமை அதிகம், இன்னொன்றா என்பார்கள். ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022 விதிகளில் நீக்கிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களுக்குப் போன நேரத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

ஆய்வாளர் பேசாத இடம் வெற்றிடமாக இருப்பதில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். புகையான் விழுந்தால் எந்த மருந்து, எவ்வளவு என்பதை விவசாயிக்குச் சொல்பவர் பெரும்பாலும் உரக்கடையில் இருப்பவர். விற்பவரிடமே ஆலோசனையும் கேட்க வேண்டிய நிலையில் ஒரு உழவரை விட்டு வைத்திருப்பது ஆராய்ச்சி உலகத்துக்குப் பெருமையில்லை. மறுபக்கம், மீத்தேன் திட்டம் வந்தபோது நிலத்தடி நீரை இறைத்து நிலக்கரிப் படிவத்திலிருந்து எரிவாயு எடுப்பது என்றால் என்ன என்பதை டெல்டா மக்கள் தெருமுனைக் கூட்டங்களில் கற்றுக்கொண்டார்கள். தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்து, வேளாண்மை படித்து, ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டு வெளியே வந்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தப் பரப்புரையின் நடுவில்தான் 2013 டிசம்பர் 30இல் பட்டுக்கோட்டைக்கு அருகே அவர் உயிர் பிரிந்தது. 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் ஆனதில் மக்கள் அப்படிக் கற்றுக்கொண்டதற்குப் பெரிய பங்கு உண்டு. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு மண்ணியலாளரோ நீரியலாளரோ ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் அதே தெருமுனையில், அதே தமிழில் வந்து சொல்லியிருக்கலாம். அவரிடமிருந்து ஆய்வு மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய முடிவுகளைவிட அவருடைய நடையை: கேட்பவரின் வயலிலிருந்து தொடங்கி அறிவியலுக்குப் போவது.

இடத்தையும் நேரத்தையும் தேடி அலைய வேண்டியதில்லை. வழக்கப்படி ஜனவரி 28இல் மேட்டூர் அணையை மூடுகிறார்கள், ஜூன் 12இல்தான் மறுபடி திறப்பு. தை, மாசியில் அறுவடை நடக்கும்போது கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு விவசாயிகள் முறைக்காக நாள் கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். ஈரப்பதம் 17 என்ற எண் அந்த நேரத்தில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. நெல்லை உலர்த்துவதைப் பற்றி ஆராய்ந்த மாணவருக்கு அதைவிடப் பொருத்தமான அவை கிடைக்காது. பங்குனி, சித்திரையில் வயலில் உளுந்தும் பயறும் எடுத்த பிறகு ஊர் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வெளியூர் போன பிள்ளைகளும் வந்திருப்பார்கள். கூட்டுறவுச் சங்கக் கட்டடம், பள்ளிக்கூடத் தாழ்வாரம், ஆற்றங்கரை அரசமரத்தடி எதுவானாலும் சரி. திரையும் மைக்கும் வேண்டாம். குழாயை ஆராய்ந்தவர் ஒரு குழாயைக் கையில் எடுத்துப் போகட்டும், வெள்ளம் தாங்கும் நெல்லை ஆராய்ந்தவர் இரண்டு குத்துப் பயிரை வேரோடு எடுத்துப் போகட்டும், கல்வெட்டை ஆராய்ந்தவர் ஒரு படியெடுப்பை விரித்துக் காட்டட்டும். மூன்று நிமிடம் முடிந்ததும் அவர்கள் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, வரும் கேள்விகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆடி முடிந்து தண்ணீர் கடைமடையை எட்டும்போது, அந்தக் கேள்விகளில் ஒன்றையாவது வயலில் சோதித்துப் பார்க்க அடுத்த போகம் தயாராக இருக்கும்.